கலைச்சொல் விவாதம்: ‘திருத்தம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள்

மடல் 1: பீனிக்ஸ், மொரிசியஸ்

குழுமத்தாருக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் தர மேலாண்மைச் சொல்லடைவு ஓரிடத்தில் நகராமல் நிற்கிறது. உங்கள் கருத்து வேண்டும்.

தர மேலாண்மைச் சொற்களை வரையறுக்கும் பன்னாட்டுத் தர ஆவணமான ஐஎஸ்ஓ 9000:2015 இரண்டு செயல்களைப் பிரித்து வரையறுக்கிறது. கண்ணில் பட்ட குறையைப் போக்குவது ஒன்று. அந்தக் குறைக்குக் காரணமானதைப் போக்கி, அது மறுபடி தலைகாட்டாமல் செய்வது இன்னொன்று. நம் பட்டியலில் முதலாவது ‘திருத்தம்’, இரண்டாவது ‘திருத்த நடவடிக்கை’. படிவம் நிரப்புகிறவர் இரண்டு கட்டத்திலும் ஒரே பதிலைத்தான் எழுதுவார்: ‘பழுதான உருப்படிகள் பிரித்துத் தைக்கப்பட்டன.’ அவர்மேல் தவறில்லை, சொல் அப்படி அமைந்திருக்கிறது. இங்கே பிரெஞ்சில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. முதலாவதை ‘அக்சியோன் கியூரத்தீவ்’, இரண்டாவதை ‘அக்சியோன் கொரெக்தீவ்’ என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இருக்கிறது.

இது வெறும் ஏட்டு வேறுபாடு என்று யாரும் எண்ண வேண்டாம். பின்னலாடையில் வரும் ஊசி ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்சி துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது. ஊசிமுனை இழைகளுக்கு நடுவே நுழையாமல் இழையையே அறுத்துவிட்டாலும் அந்தக் கண்ணி உடனே அவிழாது. சோதனை மேசையில் சட்டை குறையில்லாமல்தான் தெரியும். வாங்கியவர் வீட்டில் ஒரு சலவை ஆன பிறகு தையலோரமாகப் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழும். 2,000 உருப்படி உள்ள தொகுதிக்கு, ஐஎஸ்ஓ 2859-1 அட்டவணையின் வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில் 125 எடுத்துப் பார்க்கிறோம். ஏற்பு வரம்பு (AQL) 100-க்கு 2.5 என்றால், அட்டவணைப்படி அந்த 125-இல் 7 பழுதுவரை தொகுதியை ஏற்கலாம், 8 வந்தால் ஏற்கக் கூடாது. ஊசி ஓட்டை இந்த 125-இல் ஒன்றில்கூடக் கண்ணில் படாமல் போகலாம். கடைசிச் சோதனையை எவ்வளவு இறுக்கினாலும் வாடிக்கையாளர் கையில் போய்த் தெரியும் பழுது இது.

இனி ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போவோம். இழை ஏன் அறுந்தது? ஊசிமுனையில் பிசிறு. (முனையை நகத்தின்மேல் மெல்ல இழுத்தால் கீறும், அப்போதே தெரிந்துவிடும்.) பிசிறு விழுந்த ஊசி ஏன் எந்திரத்திலேயே இருந்தது? மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை? உடைந்த ஊசியின் துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தால்தான் ஸ்டோரில் புது ஊசி தருவார்கள். அந்த விதி எதற்கு வந்தது? துண்டு ஊசி சட்டையில் சிக்கி யார் உடம்பிலும் குத்திவிடக் கூடாது என்பதற்கு. நல்ல விதிதான். ஆனால் அதைத் தையல் வரிசையில் எல்லாரும் ‘உடைந்தால்தான் ஊசி’ என்று புரிந்துகொண்டார்கள். தேய்ந்த ஊசிக்கு அந்த விதியில் இடமே வைக்கவில்லை.

ஓட்டை விழுந்த சட்டைகளைப் பொறுக்கி எடுப்பது முதல் வேலை. இரண்டாவது வேலை ஸ்டோர் விதியை மாற்றுவது: ஷிப்ட் தொடக்கத்தில் எல்லா எந்திரத்துக்கும் ஊசி மாற்றம், பழைய ஊசியைக் கொடுத்தால் புது ஊசி, மெல்லிய ஜெர்சிக்கு 90-க்குப் பதில் 70 அல்லது 75-ஆம் எண் உருண்டைமுனை ஊசி. அதோடு சாயப்பட்டறையிலிருந்து வரும் துணியில் மென்மைப்பூச்சு போதுமான அளவு ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், வறண்ட துணியில் நல்ல ஊசியும் இழையை அறுக்கும். வேலையைச் செய்கிற ஆளும் வேறு, செய்கிற இடமும் வேறு, ஆகிற நாளும் வேறு. இவ்வளவு தள்ளி நிற்கிற இரண்டையும் ‘திருத்த’ என்ற ஒரே வேரில் கட்டி வைத்திருக்கிறோம்.

என் முன்மொழிவு: முதலாவதற்குச் ‘சரிசெய்தல்’. இரண்டாவதற்குப் ‘பிழைமுதல் நீக்கம்’. ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்’ என்ற 948-ஆம் குறளில் நோயின் காரணத்தை ‘முதல்’ என்றே வள்ளுவர் சொல்கிறார். நிறுவனங்கள் நிறைவேற்ற வேண்டியவற்றைச் சொல்லும் ஐஎஸ்ஓ 9001:2015-இன் 10.2 பிரிவு கேட்பதும் ஏறக்குறைய இந்த வரிசைதான்.

மடல் 2: டர்பன், தென்னாப்பிரிக்கா

> இரண்டாவதற்குப் ‘பிழைமுதல் நீக்கம்’

வணக்கம் அம்மா. ‘சரிசெய்தல்’ எனக்கு முழு உடன்பாடு. ‘முதல்’ வேண்டாம் என்பது என் கருத்து. குறள் படித்தவருக்கு அது காரணம். படிவத்தில் பார்க்கிறவருக்கு அது ஒன்றாவது, இல்லையென்றால் வியாபாரத்தில் போட்ட பணம். ‘பிழை, முதல் நீக்கம்’ என்று பிரித்துப் படித்துவிட்டு, ‘இரண்டாம் நீக்கம் எங்கே?’ என்று கேட்பார்கள்.

‘களைதல்’ என்ற வினையை எடுத்துக்கொள்ளலாமே. கரும்புத் தோட்டத்தில் களையை மேலாக அரிந்துவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி நிற்கும், வேரோடு பிடுங்கினால்தான் போகும். இரண்டு செயலுக்கும் உள்ள வேறுபாடு அந்த வினையிலேயே இருக்கிறது. ஆனால் புணர்ச்சியில் ஒரு சிக்கல் உண்டு. காரணம் + களைதல் சேர்ந்தால் ‘காரணங்களைதல்’ ஆகி, ‘காரணங்களை’ என்ற இரண்டாம் வேற்றுமைபோல் நிற்கும். ‘வேர்களைதல்’ என்றாலும் அதே கதி. ‘முதற்களைவு’ என்றால் நட்ட பிறகு எடுக்கும் முதல் களை என்றுதான் உழவர் காதில் விழும். ‘காரணக்களைவு’ என்று ஒற்று மிகுத்து எழுதினால் எந்த மயக்கமும் இல்லை.

இன்னொன்றையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. கார்த் தொழிலுக்குப் பாகம் செய்து கொடுக்கிறவர்கள் ஐஏடிஎஃப் 16949 என்ற, அந்தத் தொழிலுக்கான தர ஆவணத்தின் வழியில் போகிறார்கள். குறை வந்தால் போர்டு நிறுவனம் பரப்பிய எட்டுப் படி முறையில் பதில் கொடுக்க வேண்டும். அதில் காரணம் ஒன்று இல்லை, இரண்டு. குறை ஏன் உண்டாயிற்று என்பது ஒரு காரணம். உண்டானது ஏன் நம் சோதனையில் சிக்காமல் வெளியே போயிற்று என்பது மற்றொரு காரணம்.

பிளாஸ்டிக் கிளிப் வார்ப்பை வைத்துச் சொல்கிறேன். நுனி நிரம்பாமல் குட்டையாக வருகிறது. உருகல் (உருகிய பிளாஸ்டிக்) கடைசியாகப் போய்ச் சேரும் இடம் நுனி. அங்கே அடைபட்ட காற்று வெளியேற அச்சில் மயிரிழை ஆழத்துக்குக் காற்றுவாய் வெட்டியிருப்பார்கள். அதில் கசடு படிந்தால் காற்று வெளியேறாது, உருகலும் உள்ளே போகாது. கசடு ஏன் படிய விட்டோம்? அச்சைச் சுத்தம் செய்வது மாதம் ஒருமுறை என்று அட்டவணை. ஆர்டர் பெருகி எந்திரம் இரவும் பகலும் ஓடும்போது ஒரு மாதத்தில் அடிக்கும் வார்ப்பின் எண்ணிக்கை இரட்டித்துவிடுகிறது, அட்டவணை மட்டும் அப்படியே இருக்கிறது. வார்ப்பு எண்ணிக்கையை வைத்துச் சுத்தம் செய்யும்படி மாற்றினால் உண்டான காரணம் போகும்.

ஆனால் குட்டை கிளிப் ஏன் வெளியே போயிற்று? சோதனைக் கேஜ் (அளவு பார்க்கும் கருவி) அகலத்தை மட்டும் பார்க்கிறது, நீளத்தைப் பார்ப்பதில்லை. கேஜில் நீளத்துக்கு ஒரு தடுப்பு வைக்காமல் விட்டால், நாளைக்கு வேறு ஏதாவது காரணத்தால் நுனி குட்டையானாலும் அதே வழியில் வெளியே போகும். இந்த இரண்டுக்கும் ‘தோன்றுகாரணம்’, ‘நழுவுகாரணம்’ என்று வைக்கலாம். ‘தப்புகாரணம்’ என்று முதலில் எண்ணிப் பார்த்தேன். தப்பு என்றால் குற்றம் என்றும் பொருள்படுவதால் விட்டுவிட்டேன்.

‘தொழிலாளிக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது’ என்பதைக் காரணக்களைவாக எழுதுவதைச் சொல்லடைவின் விளக்கத்திலேயே தடுக்க வேண்டும். ஆளின் கவனக்குறைவு என்று எழுதிய உடனே ஆராய்ச்சி நின்றுவிடுகிறது. கவனம் தவறினாலும் குறை வராதபடி கருவியை அமைக்க முடியுமா என்ற கேள்வியே எழுவதில்லை.

மடல் 3: யாங்கோன், பர்மா

ஐயா, அம்மா இருவருக்கும் வணக்கம். சுருக்கமாகச் சொல்கிறேன்.

களத்தில் வாயால் சொல்ல வரவேண்டும் என்பதுதான் என் அளவுகோல். ‘காரண நீக்கம்’ இன்னும் எளிதில்லையா? எல்லாருக்கும் தெரிந்த இரண்டு சொல்.

சரிசெய்தல், காரண நீக்கம் இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது, அதற்கும் பெயர் வேண்டும். ஏற்றுமதிக்கு மூட்டை கட்டிய உளுந்தில் ஈரம் கூடுதல் என்று ஒரு மூட்டையில் தெரிந்தால், முதலில் அந்த அடுக்கு முழுவதையும் கயிறு கட்டி ஒதுக்குகிறோம். லாரியில் ஏறியதையும் துறைமுகக் கிடங்கில் கிடப்பதையும் நிறுத்தச் சொல்கிறோம். அப்புறம்தான் மறுபடி உலர்த்துவது (சரிசெய்தல்). ஈரமானி தவறாகக் காட்டியது ஏன், எவ்வளவு நாளாக அதன் அளவொப்பு (சரியாக அளக்கிறதா என்ற ஒப்பீடு) பார்க்கவில்லை என்பதெல்லாம் அதற்கும் பிறகு. ஒதுக்காமல் உலர்த்தத் தொடங்கினால் நல்ல மூட்டையும் ஈர மூட்டையும் கலந்துவிடும், பிறகு எதையும் பிரிக்க முடியாது. இதற்கு ‘ஒதுக்கிவைத்தல்’ போதும் என்று நினைக்கிறேன்.

‘தடுப்பு நடவடிக்கை’ என்ற பழைய பதிவு சொல்லடைவில் இன்னும் இருக்கிறது. ஐஎஸ்ஓ 9001:2008-இல் அதற்குத் தனிப் பிரிவு இருந்தது. 2015 பதிப்பில் அது போய், இடர்களை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது எல்லாப் பிரிவிலும் பரவியிருக்கிறது. பதிவை நீக்க வேண்டாம், ‘2008 பதிப்புவரை’ என்று குறித்தால் பழைய ஆவணம் படிக்கிறவர்களுக்கு உதவும்.

மடல் 4: பீனிக்ஸ், மொரிசியஸ்

> ‘காரண நீக்கம்’ இன்னும் எளிதில்லையா?

எளிதுதான், ஐயா. ஆனால் ‘நீக்கம்’ தொழிற்கூடத்தில் வேறொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டது: பணிநீக்கம். தையல் வரிசை அறிவிப்புப் பலகையில் ‘ஊசி ஓட்டை: காரண நீக்கம் நடைபெறுகிறது’ என்று ஒட்டினால், யாரை அனுப்பப் போகிறார்கள் என்ற பேச்சுத்தான் முதலில் கிளம்பும். பயந்தவர் தேய்ந்த ஊசியைப் பற்றி வாய் திறக்க மாட்டார். தர மேலாண்மை அறிஞர் டெமிங்கின் 14 கொள்கைகளில் எட்டாவது, வேலையிடத்திலிருந்து அச்சத்தை விரட்டுங்கள் என்பது. குறையை முதலில் பார்ப்பவர் எந்திரத்தில் உட்கார்ந்திருப்பவர், அவர் சொன்னால்தான் காரணம் வரைக்கும் போக முடியும். அதனால் டர்பன் ஐயாவின் ‘காரணக்களைவு’ பக்கம் நிற்கிறேன். ‘முதல்’ பற்றிய அவர் மறுப்பையும் ஏற்கிறேன். குறளை விளக்கக் குறிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

மேலாளர்களுக்காக ஒரு கணக்கையும் விளக்கத்தில் சேர்க்க விரும்புகிறேன். ஒரு வரிசையில் ஒரு நாளைக்கு 1,200 சட்டை, 100-க்கு 5 பழுது என்று வைத்துக்கொள்வோம். 60 சட்டை. ஒவ்வொன்றையும் பிரித்து, தைத்து, மறுபடி சோதித்து, தேய்த்து மடிக்க 6 நிமிடம் என்றால் 360 நிமிடம், அதாவது தினமும் 6 மணி நேர உழைப்பு. சரிசெய்தலோடு நிறுத்துகிற நிறுவனம் இந்த 6 மணியை ஆண்டு முழுவதும் கொடுத்துக்கொண்டே இருக்கும், அது கணக்குப் புத்தகத்தில் தனி வரியாகத் தெரியவும் தெரியாது. காரணக்களைவுக்கு ஆகும் ஊசிச் செலவு மட்டும் பில்லாக வந்து கண்ணில் நிற்கும். ‘ஊசிச் செலவு ஏறிவிட்டது’ என்று மேலாளர் அதை வெட்டுவதற்கு இதுவே காரணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் வெட்ட மாட்டார்.

பதிவு வரைவு:

ஒதுக்கிவைத்தல்: குறையுள்ளதும் குறை இருக்கலாம் என்று ஐயப்படுவதும் நகராமல், கலக்காமல் தனியே நிறுத்துதல்.

சரிசெய்தல்: கண்டறிந்த குறையைப் போக்குதல். காரணத்தைத் தொடாது.

காரணக்களைவு: குறையின் தோன்றுகாரணத்தையும் நழுவுகாரணத்தையும் கண்டு, அவை மறுபடி செயல்படாதபடி விதி, கருவி, பொருள் அல்லது முறையை மாற்றுதல். அறிவுரை, எச்சரிக்கை, பயிற்சி ஆகியவற்றோடு நிறுத்துவது காரணக்களைவு ஆகாது.

மடல் 5: டர்பன், தென்னாப்பிரிக்கா

வரைவு நன்றாக வந்திருக்கிறது. நழுவுகாரணம் ஐஎஸ்ஓ வரையறையில் தனியாக இல்லாததால், அது கார்த் தொழில் வழக்கிலிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தணிக்கையாளர் கேட்டால் பதில் இருக்கும்.

விடுபட்டது ஒன்று: மாற்றம் பலித்ததா என்று பார்ப்பது. 10.2 அதைக் கேட்கிறது, சான்றுப் பதிவும் வைக்கச் சொல்கிறது. பெரும்பாலான படிவங்களில் ‘முடித்த நாள்’ என்று ஒரே கட்டம்தான் இருக்கும். விதியை மாற்றிய அன்றே அதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள், பலித்ததா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊசி ஓட்டையில் அப்படி ஆகக் கூடாது. மாற்றத்துக்குப் பிறகு வரும் தொகுதிகளில் சில சட்டைகளை எடுத்துத் துவைத்து, உலர்த்தி, தையலோரத்தை இழுத்துப் பார்த்த பிறகே கையெழுத்து. அந்தக் கையெழுத்தும் மாற்றம் செய்தவருடையதாக இருக்கக் கூடாது.

இதற்குப் ‘பலித்தறிதல்’ என்பது என் முன்மொழிவு. ‘சரிபார்ப்பு’ ஏற்கெனவே வேறு பதிவுக்குப் போய்விட்டது. ‘சரிசெய்தல்’ பக்கத்தில் வந்தால் குழப்பவும் செய்யும். படிவத்தில் ‘மாற்றம் செய்த நாள்’, ‘பலித்தறிந்த நாள்’ என்று இரண்டு கட்டம் போடுங்கள். நடுவில் எத்தனை தொகுதி என்பதை அந்தந்தத் தொழில் எழுதிக்கொள்ளட்டும். யாங்கோன் ஐயா, உளுந்துக்கு அதை மூட்டைக் கணக்கில் வைப்பதா, கிடங்கு அடுக்குக் கணக்கில் வைப்பதா?