புதுப்பிப்பு: மூடித் திறந்தால் கருப்புத் திரை, காரணம் பிடிபட்டது

என் லினக்ஸ் லேப்டாப்பை மூடித் திறந்தால் திரை கருப்பாகவே நிற்கிறது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். முழுத் தீர்வு இன்னும் இல்லை. காரணம் தெரிந்துவிட்டது.

திரையில் ஐகான், விண்டோக்களைக் காட்டும் டெஸ்க்டாப் மென்பொருளைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், தவறு. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தியும் கன்சோல் (வெறும் எழுத்துத் திரை) வரவில்லை. ஆனால் கேப்ஸ் லாக் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தது. கணினி உயிரோடுதான் இருக்கிறது, திரை மட்டும் எழவில்லை! மறுபடி பூட் செய்து, ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை வழியாக முந்தைய பூட்டின் லாகை (கணினி எழுதிவைக்கும் பதிவை) பார்த்தேன். கடைசி வரிகள் முழுக்க திரையை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவரின் டைம்அவுட், அதாவது காத்திருந்தும் பதில் வராத பிழை.

பூட் ஆகும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கர்னலை (லினக்ஸின் மையப் பகுதி, டிரைவர்களும் இதில்தான்) தேர்ந்தெடுத்து 20 முறை மூடித் திறந்தேன். ஒருமுறைகூடப் பிசகவில்லை. ஆக, பழுது புதிய கர்னலில்தான். இப்போதைக்கு அதிலேயே ஓட்டுகிறேன். பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால் நெடுநாள் இப்படி விட மனமில்லை.

பக் ரிப்போர்ட் (பழுது பற்றிய புகார்) போட்டாயிற்று. லாகோடு, வேலை செய்யும் கர்னலின் எண், செய்யாததின் எண் இரண்டையும் கொடுத்தேன். அவைதான் முக்கியம், இடையில் நுழைந்த மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்தால் பழுதான மாற்றம் சிக்கிவிடும். இப்படிச் சோதிக்க உதவும் கிட் பைசெக்ட் கட்டளையை ஓட்டிப் பார்க்க, ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், இன்றிரவு தொடங்குகிறேன்.