பாஷன்டேல் சேற்றில் புதைந்த மார்க் 4 டாங்கி: தரையை எப்படி அமைப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். 6 பவுண்டர் பீரங்கிகள் இரண்டைக் கொண்ட, ‘ஆண்’ வகை பிரிட்டிஷ் மார்க் 4 டாங்கி ஒன்றை 1/35 அளவில் கட்டி, வண்ணமும் பூசி முடித்திருக்கிறேன். 1917இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்குக் கிழக்கே நடந்த, பாஷன்டேல் என்ற பெயரில் பலரும் அறிந்த மூன்றாம் ஈப்பர் போரில் அது சேற்றில் சிக்கி நிற்பதாக ஒரு டயோரமா (சிறிய அளவிலான காட்சி மாதிரி) அமைக்க எண்ணியுள்ளேன். டாங்கி மட்டுமே ஏறக்குறைய 23 செ.மீ. நீளம் இருப்பதால் 40க்கு 30 செ.மீ. அளவில் ஒட்டுப்பலகை அடித்தளம் எடுத்திருக்கிறேன்.

தரைக்காகச் சிறு பலகை ஒன்றில் சோதனை செய்து பார்த்தேன். சுவருக்குப் பூசும் புட்டியில் பழுப்பு வண்ணத்தைக் கலந்து இரண்டு செ.மீ. கனத்துக்கு அப்பியதில், காய்ந்த பிறகு அது பாளம் பாளமாக வெடித்து, ஓரங்களில் பலகையை விட்டு விலகியும் விட்டது. வெடிப்பைச் சரிசெய்துவிடலாம் என்றே வைத்துக்கொண்டாலும், நிறம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறது. டாங்கியை மேலே வைத்துப் பார்த்தால் அது தரையில் புதைந்ததாகத் தெரியாமல், யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல் நிற்கிறது. குண்டுக்குழிகளில் தேங்கிய நீரை எதைக் கொண்டு காட்டுவது, டாங்கியின் கூரைமேல் பெரிய விறகுக்கட்டு ஒன்றை ஏற்றலாமா என்பனவற்றையும் அறிய விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

நண்பருக்கு வணக்கம். புட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன், உங்கள் காட்சி எந்த மாதத்தில் நடக்கிறது என்பதை முடிவு செய்துவிடுங்கள். போர் 1917 ஜூலை 31 அன்று தொடங்கி நவம்பர் 10 வரை நீடித்தது. முதல் நாள் பிற்பகலிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஆகஸ்டு மாதத்தில் மழை பெய்யாத நாட்கள் மிகச் சிலவே. ஆனால் செப்டம்பரில் வானம் வெளுத்து, தரை காய்ந்து, சில இடங்களில் புழுதியே பறந்தது. அக்டோபர் தொடக்கத்தில் மழை திரும்பிய பிறகுதான், நாம் ஒளிப்படங்களில் காணும் கரை தெரியாத சேற்றுக்காடு உருவாயிற்று. ஆகவே ஆகஸ்டுக் காட்சி என்றால் மேடுகளில் மிதிபட்ட புல்லும் உடைந்த மரக்கிளைகளும் ஓரளவு மிஞ்சியிருக்கலாம். அக்டோபர் இறுதி என்றால் பசுமை என்று எதுவும் இருக்கக் கூடாது, கருகிய அடிமரங்கள் மட்டும் போதும்.

அந்த மண்ணின் தன்மையும் நிறத்தை முடிவு செய்கிறது. மேலே மணல் கலந்த பழுப்பு மண். அதன் அடியில் நீரை இறங்கவிடாத, நீலச் சாம்பல் நிறக் களிமண். அந்த வட்டாரம் வாய்க்கால்களாலும் வடிகால்களாலும் மட்டுமே உழவுக்கு ஏற்றதாக இருந்து வந்தது. பல நாட்கள் தொடர்ந்த பீரங்கி வீச்சு அந்த வடிகால்களை நொறுக்கிவிட்டதால் பெய்த மழைக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. உங்கள் பலகையில் இதை எப்படிக் காட்டுவது? பொதுவான தரை சாம்பல் கலந்த பழுப்பாக இருக்கட்டும். ஆழமான குழிகளின் உட்சுவரிலும், வெடிப்பு வாரி இறைத்த விளிம்பிலும் மட்டும் நீலச்சாம்பல் களிமண் திட்டுத்திட்டாக வெளிப்படட்டும். அதற்கு முன்பே ஈப்பருக்குத் தெற்கே மெசீன் மேட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டியவர்கள், இந்த நீலக் களிமண் எதிரியின் கண்ணில் பட்டால் வேலை வெளிப்பட்டுவிடும் என்று அதை மறைத்து அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு அது மேல்மண்ணிலிருந்து வேறுபட்டுத் தெரியும்.

குழிகளைத் தனித்தனி வட்டங்களாகத் தோண்டாதீர்கள். பிந்தி விழுந்த குண்டின் குழி முந்தியதன் விளிம்பை வெட்டிக்கொண்டு போக வேண்டும்; பழைய குழியின் கரை கரைந்து வழுக்கலாகவும், புதியதன் கரை கட்டிகளோடு கூர்மையாகவும் இருக்க வேண்டும். அருகருகே உள்ள குழிகளில் நீர்மட்டமும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்க வேண்டும், ஏனெனில் அங்கே நிலத்தடி நீரே மேற்பரப்புக்கு மிக அருகில் இருந்தது. ஒரு குழியில் விளிம்புவரை நீரும் பக்கத்துக் குழியில் வறண்ட அடியும் இருப்பதைப் பல டயோரமாக்களில் பார்க்கிறேன். மற்ற வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த ஒன்று காட்சியைப் பொய்யாக்கிவிடுகிறது.

டாங்கி ஏன் அங்கே சிக்கியது என்பதற்கும் தரையிலேயே காரணம் தெரிந்தால் நல்லது. ஆகஸ்டு 19 அன்று காக்கிராஃப்ட் என்ற இடத்தில் நடந்த தாக்குதலில் டாங்கிகள் சாலையை ஒட்டியே சென்றன. சாலையை விட்டு இறங்கினால் மீள்வது அரிது என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனவே பலகையின் ஒரு மூலையில் கல் பாவிய சாலையின் சிதைந்த விளிம்பைக் காட்டி, டாங்கி அதிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியதாக அமைத்தால், கெட்டியான தரைக்கும் சேற்றுக்கும் உள்ள வேறுபாடு பார்ப்பவருக்கு உடனே விளங்கும்.

விறகுக்கட்டு வேண்டாம். அகலமான பதுங்குகுழிகளைக் கடப்பதற்கான அந்தக் கட்டுகள் பெருமளவில் பயன்பட்டது நவம்பர் 20 அன்று பிரான்சில் தொடங்கிய காம்ப்ரே தாக்குதலில். அங்கே தரை சுண்ணாம்புப் பாறை சார்ந்தது, சேறும் வெளிறிய நிறம். உங்கள் டாங்கியின் கூரைமேல் இருக்க வேண்டியது, சேற்றிலிருந்து மீள்வதற்கான கனத்த ஓக் மர உத்தரம். அதைச் சங்கிலியால் டிராக்கோடு (டாங்கியை நகர்த்தும் இரும்புப் பட்டையோடு) பிணைத்து ஓட்டினால் அது முன்புறமாக இறங்கி வண்டிக்கு அடியில் புகுந்து பிடிமானம் தரும். அந்த உத்தரம் பாதி வழியில் மாட்டிக்கொண்டு நிற்பதாகக் காட்டினால் நிகழ்ச்சி முழுவதும் அதிலேயே விளங்கிவிடும்.

மறுமொழி 2

வரலாற்றை மேலே உள்ள நண்பர் விரிவாகச் சொல்லிவிட்டதால் நான் பொருள்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வெடிப்புக்குக் காரணம் புட்டி அல்ல, அதன் கனம். நீர் வெளியேறும்போது கனமான பூச்சு சுருங்குகிறது, பலகை சுருங்குவதில்லை, நடுவில் பிளப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. ஆகையால் மேடு பள்ளங்களை எல்லாம் நெருக்கமான நுரைப்பலகையில் வெட்டி உருவாக்கிக்கொண்டு, சேற்றுப் பூச்சை மூன்று நான்கு மி.மீ. அளவில் மட்டும் இடுங்கள். தெர்மாகோலிலும் இதைச் செய்யலாம். ஆனால் வெட்டும்போது மணி மணியாக உதிரும். ஒட்டுப்பலகையின் மேற்புறத்துக்கும் ஓரங்களுக்கும் முதலில் வார்னிஷ் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் அது ஈரத்தை உறிஞ்சி வளைந்துவிடும். புட்டியில் தண்ணீரைக் குறைத்து, வெள்ளை மரப்பசையைச் சற்றுத் தாராளமாகச் சேர்த்து, பொடியாக நறுக்கிய தேங்காய் நாரைக் கொஞ்சம் தூவிப் பிசையுங்கள். நார் பூச்சைப் பிடித்து நிறுத்துவதோடு, வேர் பிடுங்கப்பட்ட மண்ணின் தோற்றத்தையும் தரும்.

மண் சேர்ப்பதானால் துணியில் சலித்த மண்ணையே சேருங்கள். 1/35 அளவில் ஒரு மி.மீ. பருக்கை என்பது உண்மையில் மூன்றரை செ.மீ. கல். தோட்டத்து மண்ணை அப்படியே போட்டுவிட்டு, தரை ஏன் சரளைக்கல் கொட்டிய ரயில்பாதைபோல் இருக்கிறது என்று கேட்பவர்கள் பலர். எடுத்த மண்ணை அடுப்பில் நன்றாக வறுத்துப் பயன்படுத்தினால் பூஞ்சை பிடிக்காது.

டாங்கி வைத்ததுபோல் தெரிகிறது என்ற குறைக்கு ஒரே மருந்து, அதன் இடத்தைத் தரைக்குள்ளேயே முன்கூட்டி வெட்டிவிடுவதுதான். டாங்கியின் அடிப்புறத்தை நுரைப்பலகையில் வரைந்து, அது எவ்வளவு புதைய வேண்டுமோ அவ்வளவு ஆழத்துக்குச் சாய்வாகக் குடையுங்கள். பூச்சு இறுகும் முன் டாங்கியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி அழுத்தி எடுத்தால் பள்ளம் சரியாகப் பொருந்தும். பின்புறத் தடங்களுக்கு, உபரியாக உள்ள டிராக் துண்டை நீரில் நனைத்து, பூச்சு பாதி இறுகிய நிலையில் பதியுங்கள். சுழன்று சுழன்று புதைந்த இடத்தில் மட்டும் தெளிவான பதிவு இருக்கக் கூடாது. அங்கே சேறு கரைந்து குழம்பி, டிராக்கின் இருபுறமும் வரப்பாகப் பிதுங்கியிருக்க வேண்டும். எல்லாம் முடிந்து டாங்கியை நிரந்தரமாக வைத்த பிறகு, அதே கலவையைக் கொண்டு இடைவெளிகளை அடைத்துவிடுங்கள்.

நிறத்தைக் கலவையில் அடிப்படையாக மட்டும் சேர்த்து, மீதியைத் தூரிகையால் செய்யுங்கள். நனைந்த மண் கறுத்தும் காய்ந்த மண் வெளிறியும் இருக்கும் என்பதால் பள்ளங்களில் அடர்ந்த பழுப்பு நீர்வண்ணத்தை ஓடவிட்டு, மேட்டு நுனிகளில் வெளிறிய நிறத்தை உலர்ந்த தூரிகையால் தொட்டுச் செல்லுங்கள். பளபளப்பு வார்னிஷை எங்கும் பூசிவிடுவது தொடக்கநிலையில் பலரும் செய்வது. அதனால் தரை கண்ணாடித் தட்டாகிவிடும். பள்ளத்தில் முழுப் பளபளப்பு, சரிவில் பாதி, மேட்டில் பளபளப்பில்லாத பூச்சு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 3

நீருக்கு இருபகுதி எபாக்ஸி ரெசினையே (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் தெளிவான பிசினையே) பரிந்துரைக்கிறேன். பாலியெஸ்டர் ரெசின் விலை குறைவு என்றாலும் தெர்மாகோலையும் நுரைப்பலகையையும் கரைத்துவிடும். எபாக்ஸியை உற்பத்தியாளர் குறிப்பிட்ட விகிதத்தில் துல்லியமாக அளந்து கலந்து, ஒரு முறைக்கு இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் ஊற்றாமல், ஒவ்வொரு அடுக்கும் இறுகிய பின் அடுத்ததை ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் சூடேறி, அடியில் உள்ள நுரைப்பலகை உருக்குலையக்கூடும். ஊசித்துளை இருந்தாலும் அது வழியே வழிந்துவிடும். ஆகவே குழியின் உட்புறத்துக்கு முன்னதாக இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுங்கள்.

அந்தக் குழிகளில் தெளிந்த நீர் நிற்கவில்லை. எண்ணெய் வண்ணத்தில் பழுப்பைத் துளியளவு கலந்து, அடி தெரியாதபடி மங்கலாக்குங்கள். பழைய குழிக்கு மட்டும் மிகச் சிறிதளவு பச்சை சேர்க்கலாம். ரெசின் கரையோரம் மேலேறிப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. இந்த அளவில் அது கண்ணுக்கு உறுத்தும் என்பதால், இறுகிய பின் அந்த விளிம்பின்மேல் சேற்றுக் கலவையை மெல்லிதாகத் தொட்டு மறைத்துவிடுங்கள். ஊற்றும் நாளில் பலகை சமமட்டத்தில் இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தரை எப்படிச் சரிந்திருந்தாலும் நீர் சரியாது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. அக்டோபரைக் கைவிட்டு, ஆகஸ்டில் சாலையோரம் சரிந்த டாங்கி என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஒரு ஐயம். டாங்கியின் மேல் எவ்வளவு சேறு பூசலாம்? கீழ்ப்பாதியில் மட்டும் பூசினால் போதுமா? நிறத்துக்கு அக்காலத்து ஒளிப்படங்களை நம்பலாமா?

மறுமொழி 1

கீழ்ப்பாதியோடு நிறுத்துவது பிற்காலத்து டாங்கிகளுக்குப் பொருந்தும். மார்க் 4இன் டிராக் உடலைச் சுற்றி மேலே ஏறி வருவதால், அது சேற்றை அள்ளிக்கொண்டு போய்க் கூரையிலும் ஓட்டுநர் அறையின் மேலும் கொட்டும். ஆகவே மேல்விளிம்பில், டிராக் ஓடும் இடத்தை ஒட்டி இருபுறமும், கட்டி கட்டியாகச் சேறு இருக்க வேண்டும். பக்கச் சுவர்களில் அது மேலிருந்து கீழே வழிந்து காய்ந்த கோடுகள் தெரிய வேண்டும். பக்கங்களில் துருத்தி நிற்கும் பீரங்கிக் கூண்டுகளின் அடிப்பகுதி சேற்றை உழுதுகொண்டு வந்ததாக, முன்முகத்தில் ஒரு குவியலை வையுங்கள். ஆனால் பீரங்கிகளின் வாயருகிலும், வீரர்கள் கை வைத்துத் திறக்கும் கதவுப் பிடிகளிலும் அது தேய்ந்து துடைபட்டிருக்கட்டும். வெள்ளை, சிவப்பு, வெள்ளை அடையாளப் பட்டைகளை நீங்கள் ஏற்கெனவே தீட்டியிருந்தால் அவற்றை மறைத்துவிடுங்கள், ஏனெனில் அவை 1918இல் வந்தவை.

ஒளிப்படங்களை வடிவத்துக்கு நம்பலாம். 1917 ஆகஸ்டு 1 அன்று ஈப்பருக்கு வடக்கே பூசிங்கே அருகே பிரிட்டிஷ் ஒளிப்படக்காரர் ஜான் வார்விக் புரூக் எடுத்த, தூக்குக்கட்டில் சுமப்பவர்களின் படத்தைப் பாருங்கள். அதில் சேறு முழங்காலைத் தொடுகிறது. உங்கள் அளவில் அது ஏறக்குறைய ஒன்றரை செ.மீ. மனித உருவங்களை வைப்பதாக இருந்தால் கால்களை அந்த இடத்திலேயே அறுத்துவிட்டுப் பதியுங்கள். ஆஸ்திரேலிய ஒளிப்படக்காரர் பிராங்க் ஹர்லி எடுத்த படங்களும் பயன்படும்; ஆனால் அவர் பல நெகட்டிவ்களை இணைத்து ஒரே படமாக்கியவர் என்பதால், வானத்தையும் வெடிப்புப் புகையையும் விட்டுவிட்டுத் தரையை மட்டும் பாருங்கள். அவர் எடுத்த வண்ண ஒளிப்படத் தகடுகளும் உள்ளன. அக்கால வண்ணமுறையின் சாயல் அவற்றில் ஏறியிருக்கும் என்பதால், சரியான நிறத்துக்கு அல்லாமல் ஈரத்துக்கும் காய்ந்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதற்கு அவற்றைப் பயன்படுத்துவேன். ரெசின் ஊற்றுவதற்கு முன், தரை வண்ணம் முடிந்த நிலையில் ஒரு படம் இங்கே இடுங்கள். குழிகளின் நீர்மட்டத்தை ஊற்றிய பிறகு திருத்த இயலாது.