காரைக்குடி பக்கம் வீட்டுக்கே வந்து பார்க்கும் மனநல மருத்துவர் தெரியுமா?

வணக்கம். நான் பள்ளத்தூர். என் சின்னம்மாவுக்கு 52 வயது. மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, காதில் யாரோ பேசுகிறார்கள் என்கிறார். மருத்துவர் அட்மிட் பண்ணச் சொல்கிறார். நான்கு வருடத்துக்கு முன் சேர்த்த இடத்தில் துணைக்கு யாரையும் இருக்க விடவில்லை. அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் பேச்சு இல்லை. கையில் கொடுத்தால் மாத்திரை போட்டுக்கொள்கிறார். காலையில் முற்றத்தில் உட்கார்ந்து ஓலைக் கொட்டான் முடைகிறார். அந்த ஒரு மணி நேரம் முகமே வேறு. அதனால்தான் வீட்டிலேயே வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறோம்.

இங்கிலாந்தில் நெருக்கடி நேரத்தில் மனநல நர்ஸ், மருத்துவர் அடங்கிய குழுவினர் தேவைப்பட்டால் தினமும்கூட வீட்டுக்கே வருகிறார்கள். மாத்திரை, தூக்கம், குடும்பத்தின் களைப்பு எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள். நிலைமை மோசமானால் மட்டும் அட்மிஷன். நம் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமும் வீடு சார்ந்த மறுவாழ்வைப் பற்றிப் பேசுகிறது. அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கும் பேசினேன், பொறுமையாகக் கேட்டார்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை பக்கம் வாரம் இரண்டு முறையாவது வரக்கூடிய மருத்துவரோ மனநல நர்ஸோ இருந்தால் சொல்லுங்கள். வீட்டில் வைத்தே பார்த்தவர்கள், இரவுகளை எப்படிச் சமாளித்தீர்கள்? எந்தக் கட்டத்தில் சரி, இனி ஆஸ்பத்திரிதான் என்று முடிவெடுத்தீர்கள்?