ரிமோட் ஃபேனுக்குச் சுவர் ஸ்விட்ச் இணைப்பு: ரெகுலேட்டர் இருக்கலாமா?

கேள்வி (குலசேகரம்):
வணக்கம். அம்மா படுக்கும் அறையில் பழைய ஃபேனைக் கழற்றிவிட்டு, ரிமோட்டுடன் வரும் பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேன் மாட்டியிருக்கிறோம். ஓட்டு வீடு. அயனி உத்திரத்தில் கொக்கி. அங்கிருந்து குழாய் வழியாகக் கதவோரம் உள்ள ஸ்விட்ச் பலகைக்கு வயர் இறங்குகிறது. பலகையில் ஒரு ஸ்விட்ச், பக்கத்தில் ரெகுலேட்டர். மாட்டியவர் பழைய இணைப்பிலேயே புது ஃபேனையும் சேர்த்துவிட்டுப் போய்விட்டார்.

ரெகுலேட்டர் 5-இல் இருந்தால் நன்றாக ஓடுகிறது. அம்மா பழக்கத்தில் 2-க்குத் திருப்பிவிடுகிறார். உடனே ஃபேனின் அடியில் உள்ள சிறு விளக்கு மினுங்குகிறது. இறக்கை ஓர் அசைவு அசைந்து நிற்கிறது, மறுபடி அசைகிறது. அப்போது ரிமோட்டை அழுத்தினாலும் பலனில்லை. அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. இரவில் ரிமோட்டைத் தேடித் தலையணைக்கடியில் தடவுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டால் ஓட வேண்டும், அணைத்தால் நிற்க வேண்டும், ரிமோட்டும் வேலை செய்ய வேண்டும். என்ன செய்வது?

பதில் (நாகர்கோவில்):
எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். ரெகுலேட்டரை 5-இல் வைத்து, திருகாதபடி டேப் ஒட்டிவிட்டோம். இதுவரை தொந்தரவு இல்லை.

பதில் (மார்த்தாண்டம், வயரிங் வேலை செய்பவன்):
தங்கச்சி, ஃபேனில் கோளாறு எதுவும் இல்லை. ரெகுலேட்டரை எடுத்துவிடுங்கள். பழைய ஃபேன் வோல்டேஜ் குறைந்தால் மெதுவாகச் சுற்றும். ரெகுலேட்டரின் வேலையே அதுதான். இந்த ஃபேனுக்குள் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. அது 230 வோல்ட் ஏ.சி.யை வாங்கி, டி.சி.யாக மாற்றி, வேகத்தைத் தானே தீர்மானித்து மோட்டாருக்குக் கொடுக்கிறது. வருகிற கரண்டை வழியிலேயே குறைத்தால், போர்டு எழப் பார்க்கும், போதாமல் விழும், மறுபடி எழும். நீங்கள் பார்த்த மினுக்கம் அதுதான். இப்படியே விட்டால் ஒருநாள் போர்டு போய்விடும்.

டேப் ஒட்டிய அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. ‘டக் டக்’ என்று படிப்படியாகத் திரும்பும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் என்றால் 5-இல் அது நேர் இணைப்புதான், அதனால் தப்பித்தீர்கள். படியில்லாமல் வழுக்கித் திரும்பும் டிம்மர் வகை, முழுதாகத் திருப்பினாலும் கரண்டின் அலையைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டே இருக்கும். டேப்பை நம்பாதீர்கள். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் முதலில் உரிப்பதே அதைத்தான்.

இனி வேலை. ஃபேன் ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினையே அணையுங்கள். ரெகுலேட்டர், கரண்ட் வரும் ஃபேஸ் லைனில் ஸ்விட்சுக்கும் ஃபேனுக்கும் நடுவில் இருக்கும். அதில் இரண்டு வயர்: ஒன்று ஸ்விட்சிலிருந்து வருவது, மற்றது ஃபேனுக்குப் போவது. இரண்டையும் கழற்றி ஒரே கனெக்டரில் சேர்த்துத் திருகாணியை நன்றாக இறுக்குங்கள். முறுக்கி டேப் சுற்றிப் பலகைக்குள் திணிக்க வேண்டாம். காலி இடத்துக்கு மூடி பிளேட் கடையில் கிடைக்கும். அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது ஃபேன் பக்கத்து வயரில் கரண்ட் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் (குலசேகரம்):
அண்ணா, ஐ.டி.ஐ. படித்த சித்தப்பா மகன் வந்து பார்த்தான். ஸ்விட்சை அணைத்த பிறகும் மேலே சீலிங் ரோஸில் (ஃபேன் வயரை இணைக்கும் வட்ட மூடியில்) டெஸ்டர் எரிகிறது. மங்கலாக இல்லை, பளிச்சென்றே எரிகிறது. மேலே எர்த் வயரும் இல்லை.

பதில் (மார்த்தாண்டம்):
இதை உடனே சரிசெய்ய வேண்டும். ஒரே குழாயில் பல வயர்கள் சேர்ந்து வந்தால் பக்கத்து வயரின் தூண்டலாலும் டெஸ்டர் எரியும், ஆனால் அது பெரும்பாலும் மங்கலாக இருக்கும். டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை அந்த வயரிலும் மறு முனையை நல்ல எர்த்திலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு முழுதாக எரிந்தால் அந்த ஸ்விட்ச் ஃபேஸை விட்டுவிட்டு, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரலைத்தான் வெட்டுகிறது. ஆர்.சி.சி.பி. (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் தானே அணையும் பாதுகாப்பு ஸ்விட்ச்) உள்ள வீடு என்றால் அது விழுந்துவிடும். அதுவும் அதே பதில்தான். பழைய வீடுகளில் இந்தத் தப்பை அடிக்கடி பார்க்கிறேன். ஃபேன் நின்றுவிட்டதே என்று நம்பி, ஒட்டடை அடிக்க ஸ்டூலில் ஏறி வயரைத் தொடுபவருக்கு உயிராபத்து.

ஃபேஸ் ஸ்விட்ச் வழியாகவும் நியூட்ரல் நேராகவும் ஃபேனுக்குப் போக வேண்டும். பலகையில் இரண்டையும் மாற்றி, மெயினிலிருந்து ஃபேன் வரை பச்சை எர்த் வயர் ஒன்றும் இழுத்துவிடச் சொல்லுங்கள். தம்பி கெட்டிக்காரன்தான், ஆனாலும் இந்த வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேனே செய்யட்டும்.

கேள்வி கேட்டவர் (குலசேகரம்):
வயர்மேன் வந்து லைனை மாற்றி, எர்த் இழுத்து, ரெகுலேட்டரையும் எடுத்துவிட்டார். மினுக்கம் நின்றுவிட்டது. மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். ஃபேன் முன்பிருந்த வேகத்திலேயே தானாக ஓடத் தொடங்குகிறது. சுவர் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போது மட்டும் ரிமோட் வேலை செய்யவில்லை. இது சரிதானா?

பதில் (மார்த்தாண்டம்):
சரிதான். ஸ்விட்ச் அணைந்தால் போர்டுக்கே கரண்ட் கிடையாது. ரிமோட் சொல்வதைக் கேட்க ஆளில்லை. ரிமோட்டின் தாங்கியை ஸ்விட்ச் பலகைக்குப் பக்கத்தில், அம்மாவின் கை எட்டும் உயரத்தில் திருகிவிடுங்கள். இருட்டிலும் கை அங்கேயே போகும். வேகம் கூட்டும் பொத்தானில் சிறு துணி ஸ்டிக்கர் ஒட்டினால் தடவியே கண்டுகொள்வார். சில மாடல்களில் ஸ்விட்சைச் சட்டென்று அணைத்துப் போட்டாலே வேகம் மாறும். உங்கள் ஃபேனில் அந்த வசதி உண்டா என்று கையேட்டில் பாருங்கள்.

குலசேகரம் மலையடிவாரம். ஐப்பசி மாதம் சாயங்காலம் இடி தொடங்கினால் ஃபேன் ஸ்விட்சை அணைத்துவிடச் சொல்லுங்கள். பழைய மோட்டார் தாங்கிய மின்னல் அதிர்ச்சியை இந்தப் போர்டு தாங்காது. மெயின் பெட்டியில் சர்ஜ் (திடீர் வோல்டேஜ் ஏற்றம்) பாதுகாப்புக் கருவி ஒன்று பொருத்தினால் டி.வி.க்கும் ஃப்ரிட்ஜுக்கும் சேர்த்தே பயன்படும்.