வடக்குக் கடல்களின் மீனவக் குடும்பங்கள்: நீங்கள் நேரில் பார்த்தது

ஹல்வாசி:
இங்கிலாந்தின் ஹல் நகரத்து மீனவர் வட்டாரமான ஹெசில் ரோடு பற்றி இங்கே தெரியாதவர்கள் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். அங்கே நான் பராமரிப்பு வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு பாட்டி. அப்பா, அண்ணன், கணவர் என்று எல்லோருமே ஐஸ்லாந்துப் பக்கம் ட்ராலரில், அதாவது வலை இழுக்கும் மீன்பிடிக் கப்பலில் போனவர்கள். பேரனுக்கும் கப்பலில்தான் வேலை. அவர் கிளம்பும்போது அவருடைய சின்ன மகள் வாசலில் நின்று டாட்டா காட்டக் கையைத் தூக்கினாள். சுவரைப் பிடித்து நடக்கிற பாட்டிக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, பாய்ந்து பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். கை காட்டி அனுப்பினால் கடல் எடுத்துக்கொள்ளுமாம். போன அன்று துணி துவைக்கவும் கூடாதாம். பிள்ளை வீறிட்டு அழுதது. பாட்டி கார் தெருமுனை திரும்பும்வரை அந்தக் கையை விடவே இல்லை.

போட்ஸ்ஃபியூர் அண்ணை:
தம்பி, இந்த நம்பிக்கை ஆரைக் காப்பாற்றியது? 1968 ஜனவரி, பெப்ரவரியில் ஹல்லின் மூன்று ட்ராலர்கள் மூழ்கி 58 பேர் போனார்கள். அதில் ஒன்றான செயின்ட் ரோமனஸில் ரேடியோ ஆபரேட்டரே இல்லை. ஹல் மீனவக் குடும்பத்து லிலியன் பிலோக்காவும் மற்றப் பெண்களும் லண்டன் வரை போய்ப் பாதுகாப்புக்காகச் சண்டை பிடித்த பிறகுதான் நிலைமை மாறியது.

நான் கண்டது நோர்வேயின் வடகோடி ஃபின்மார்க்கில். எங்கள் ஆட்கள் பலரைப் போல நானும் அங்கே மீன் வெட்டும் தொழிற்சாலையில் நின்றவன். ஒரு குளிர்காலத்தில் தகப்பனும் மகனுமாக வந்த படகு முழுக்க வெள்ளை. பாட்டன் காலத்திலிருந்து கொட் மீன் பிடிக்கிற குடும்பம். கம்பியெல்லாம் தொடைப் பருமனுக்கு ஐஸ். மகன் மரச்சுத்தியலால் அடித்து அடித்து விரலை நிமிர்த்த முடியாமல் நிற்கிறான், படகைக் கட்டிய பிறகும் தகப்பன் அவனை நிறுத்த விடவில்லை. மேலே ஐஸ் ஏறினால் படகு சாய்ந்து நிமிர நேரமெடுக்கும், ஒருமுறை நிமிராமலே போய்விடும்.

ட்ரோம்சோ:
அண்ணை, ரேடியோ மட்டும் போதாது. அந்த மூன்றில் இன்னொன்றான ராஸ் கிளீவ்லண்டில் ரேடியோ இருந்தது, கேப்டன் கடைசிச் செய்தியும் அனுப்பினார், ஐஸ் பாரத்தில் படகு கவிழ்ந்தேவிட்டது. மிதவையில் ஏறிய மூவரில் ஹாரி எடம் மட்டும் பிழைத்தார். மேல்தளத்தில் நின்றதால் அவர் உடம்பில் முழு உடுப்பு இருந்தது.

நோர்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் ஒரு குடும்பப் படகில் என்னை ஏற்றியபோது, அந்த வீட்டு அம்மாவே என் மிதவை உடுப்பின் ஜிப்பைத் தாடைவரை இழுத்துப் பூட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான் காப்பி.

அங்கே மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளே கம்பளி போடுங்கள், பருத்தி வேண்டாம். கடலில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் நீந்தாமல் மூச்சை மட்டும் கவனியுங்கள், திணறல் அடங்கும். அப்புறம் கைகள் வேலை செய்வது சுமார் பத்து நிமிடம்தான், அதற்குள் கயிற்றையோ ஏணியையோ பிடித்துவிட வேண்டும். நினைவு தப்ப ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அதனால் பயந்து சட்டையைக் கழற்றாதீர்கள். உடுப்பைக் கரையிலேயே போட்டுப் பாருங்கள், ஜிப் ஏறாவிட்டால் வேறு கேட்டு வாங்குங்கள்.