வீட்டுக்கு ஒரே ஓட்டு

குழு: மேலத்தெரு குடும்பம்
11 ஜனவரி 2026, ஞாயிறு மாலை 6:40

பெரியம்மா: மீனா, பொங்கலுக்குக் கரும்பு கிடைத்ததா? போன வருஷம் ஏதோ குச்சியை வைத்துப் படம் அனுப்பினாய்.

மீனா: இந்த வருஷமும் அதே குச்சிதான் பெரியம்மா. இத்தனைக்கும் எங்கள் பக்கம் கரும்பு விளைந்த ஊர். டெக்சஸிலேயே மிச்சமிருந்த ஒரே சர்க்கரை ஆலை இங்கே சாண்டா ரோசாவில்தான் இருந்தது. 2024ல் மூடிவிட்டார்கள். தண்ணீர் இல்லை. 1944 ஒப்பந்தப்படி மெக்சிகோ ரியோ கிராண்ட் ஆற்றில் விட வேண்டிய தண்ணீரை விடவில்லை என்று விவசாயிகள் திட்டுகிறார்கள்.

பெரியப்பா: அங்கேயும் ஒரு காவிரியா!

மீனா: அதேதான். பெரியப்பா, இன்னொரு சங்கதி. அருணுக்குப் போன மாதம் 18 முடிந்தது. மார்ச் 3ம் தேதி இங்கே பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். எங்கள் வீட்டில் ஓட்டு இருப்பது அவனுக்கு மட்டும்தான். எங்கள் இரண்டு பேருக்கும் கிரீன் கார்டே போன வருஷம்தான் கைக்கு வந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இன்னும் நாலு வருஷமாவது ஆகும்.

கவிதா: தொட்டிலில் கிடந்த பயல் ஓட்டுப் போடப் போகிறானா!

பெரியப்பா: நல்லது. யாருக்கு என்று கேட்க மாட்டேன். முப்பது வருஷம் பூத் டியூட்டி பார்த்தவன் அதைக் கேட்கக் கூடாது. ஆனால் அவன் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடும்? உங்கள் பக்கம் எல்லாம் மெக்சிகோக்காரர்கள். அவர்கள் மொத்தமாக ஜனநாயகக் கட்சிக்குப் போடுகிறவர்கள். ஓட்டு வங்கி.

மீனா: அந்த வங்கி 2024ல் திவாலாகிவிட்டது பெரியப்பா.

பெரியப்பா: என்ன சொல்கிறாய்? சுவர் கட்டுவேன், பிடித்து அனுப்புவேன் என்ற டிரம்புக்கா போட்டார்கள்?

மீனா: எங்களுக்கு மேற்கே ஸ்டார் கவுன்டி என்று ஒன்று இருக்கிறது, நம் மாவட்டம் மாதிரி. காரில் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நூற்றுக்கு 97 பேர் ஹிஸ்பானிக், அதாவது ஸ்பானிஷ் பேசும் வம்சாவளி. 2016ல் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி அங்கே 60 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார். 2020ல் பைடன் ஜெயித்தது வெறும் 5 சதவீதத்தில். 2024ல் டிரம்ப் சுமார் 16 சதவீதத்தில் ஜெயித்துவிட்டார். அதற்கு முன் குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் அங்கே ஜெயித்தது 1892ல்.

பெரியப்பா: 1992ஆ?

மீனா: 1892. நூற்று முப்பத்திரண்டு வருஷம். நாங்கள் இருக்கும் ஹிடால்கோ கவுன்டியும் அந்தத் தடவை சாய்ந்தது.

பெரியம்மா: காபி ஆறுகிறது என்று உங்கள் பெரியப்பாவிடம் யாராவது சொல்லுங்கள். பக்கத்து அறையில்தான் இருக்கிறார், காதில் விழவில்லை.

பெரியப்பா: இதோ. மீனா, காரணம் சொல்.

மீனா: முதலில், மெக்சிகோக்காரர்கள் என்று சொன்னால் பல பேருக்கு முகம் மாறும். 1848ல் அமெரிக்க-மெக்சிகோ போர் முடிந்தபோது இவர்களில் பலருடைய முன்னோர்கள் இங்கேதான் நிலபுலத்தோடு இருந்தார்கள். "நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது" என்பது இங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு. தெஹானோ, அதாவது டெக்சஸ்காரர் என்று சொல்லிக்கொள்வார்கள். எல்லைக் காவல் படையில் பாதிப் பேர் ஹிஸ்பானிக். என்னிடம் முதுகுவலிக்கு வருகிறவர்களிலேயே அந்தச் சீருடைக்காரர்கள் எத்தனையோ பேர். இன்னும் சிலர் எண்ணெய் வயலில் வாரக்கணக்கில் தங்கி வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். எண்ணெய் எடுப்பதைக் குறைக்க வேண்டும் என்று வாஷிங்டனில் யாராவது பேசினால் அவர்களுக்குக் கேட்பது "உன் சம்பளத்தைக் குறைக்க வேண்டும்" என்பதுதான்.

மீனா: அப்புறம் விலைவாசி. எங்கள் கிளினிக்கில் வரவேற்பில் உட்காரும் அம்மா மளிகை ரசீதை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். குடும்பமே தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சி. கென்னடி படம் மாட்டியிருந்த வீடு. தேர்தல் முடிந்த மறுநாள் அந்த டப்பாவைத் தட்டிக் காட்டி "இதைப் பார்த்துத்தான் போட்டேன்" என்றார்.

கவிதா: நம் அம்மா பால் கணக்கு நோட்டு மாதிரி.

பெரியப்பா: சரி, டப்பா புரிகிறது. ஆனால் விரட்டுவேன் என்பவர் மேல் கோபமே வராதா?

மீனா: "அது புதிதாக வருகிறவர்களுக்கு, எங்களுக்கு இல்லை" என்று நினைத்தவர்கள் நிறைய. நானே காதால் கேட்டிருக்கிறேன்.

மாலை 7:15

கோபி: இப்போதுதான் எழுந்தேன், மேலே உள்ளது அத்தனையும் படித்தேன். பெரியப்பா, கோபம் வந்த கதையும் உண்டு. 1994ல் கலிபோர்னியாவில் 187வது தீர்மானம் என்று மக்கள் ஓட்டுக்கு விட்டார்கள். குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, அவசர சிகிச்சை தவிர அரசு மருத்துவம் கிடையாது என்பது அதன் சாரம். ஆளுநர் பீட் வில்சன் அதைப் பிடித்துக்கொண்டே தேர்தலில் ஜெயித்தார். தீர்மானமும் ஜெயித்தது, பிறகு நீதிமன்றத்தில் நின்றுபோனது. ஆனால் அந்தக் கோபத்தில் குடியுரிமை வாங்கி, பெயரைப் பதிந்து ஓட்டுப் போட வந்த ஹிஸ்பானிக் மக்கள் திரும்பிப் போகவில்லை. நிக்சனையும் ரீகனையும் கொடுத்த மாநிலம் அது. இன்று அங்கே குடியரசுக் கட்சிக்கு மாநில அளவில் ஒரு பதவிகூட இல்லை.

பெரியப்பா: ஆக, கலிபோர்னியாவில் ஒரு மாதிரி, டெக்சஸில் ஒரு மாதிரி.

கோபி: புளோரிடாவில் இன்னொரு மாதிரி. மயாமியில் கியூபாவை விட்டு ஓடி வந்த குடும்பங்கள். சோஷலிசம் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பென்சில்வேனியாவில் ஆலன்டவுன், ரெடிங் பக்கம் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள். பிறப்பிலேயே குடிமக்கள். ஆனால் தீவில் இருக்கும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது, ஆலன்டவுனுக்குக் குடிவந்தால் உண்டு! 2024 தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்னால் டிரம்ப் கூட்டத்தில் ஒரு காமெடிக்காரர் அந்தத் தீவைக் "மிதக்கும் குப்பைத் தீவு" என்றார். ஊரே கொதித்தது. அப்படியும் பென்சில்வேனியாவில் டிரம்ப்தான் ஜெயித்தார்.

பெரியப்பா: அப்படியானால் ஹிஸ்பானிக் ஓட்டு என்று ஒன்று இல்லவே இல்லையா?

கோபி: டெல்லி டிவிக்காரன் "தென்னிந்தியர் ஓட்டு யாருக்கு" என்று விவாதம் வைத்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பெரியப்பா: டிவியை அணைப்பேன்.

கோபி: அவ்வளவுதான். நாடு முழுக்க ஹிஸ்பானிக் ஓட்டைக் கூட்டினால், 2020ல் பைடனுக்கு 61 சதவீதம், டிரம்புக்கு 36. 2024ல் ஜனநாயகக் கட்சியின் ஹாரிஸுக்கு 51, டிரம்புக்கு 48. இது பியூ ஆய்வு மையத்தின் கணக்கு. புஷ் காலத்திலும், 2004ல், பத்தில் நாலு பேர் குடியரசுக் கட்சிக்குப் போட்டவர்கள்தான். யார் வீட்டுச் சொத்தும் இல்லை.

கவிதா: இளைஞர்கள் எல்லாம் ஜனநாயகக் கட்சிப் பக்கம் என்றார்களே, அதாவது உண்மையா? அருண் எங்கே?

மீனா: ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் எழுந்தால் அதுவே செய்தி. இருங்கள், எழுப்புகிறேன்.

மாலை 7:50

அருண்: வணக்கம் தாத்தா. நான் பேசுகிறேன், போன் எழுதுகிறது. தப்பு வந்தால் போன் தப்பு. கவிதா பெரியம்மா, எங்கள் வகுப்பில் பெண்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம். சாப்பாட்டு மேஜையில்கூட அப்படித்தான் உட்காருவோம். பையன்கள் செய்தி பார்க்க மாட்டார்கள், பாட்காஸ்ட் கேட்பார்கள். டிரம்ப் பாட்காஸ்ட்காரர் ஜோ ரோகனிடம் மூன்று மணி நேரம் பேசியதை அப்போது பதினாறு வயதிலேயே முழுசாகக் கேட்டவர்கள் என் கூட்டாளிகள்.

கோபி: மாப்பிள்ளை சொல்வது சரி. 30 வயதுக்குக் கீழே 2020ல் பைடன் 20 சதவீதத்துக்கு மேல் முன்னால் இருந்தார். 2024ல் ஹாரிஸுக்கு அது 4 ஆகிவிட்டது. பிரித்துப் பார்த்தால் இளம்பெண்கள் ஹாரிஸ் பக்கம் 17 கூடுதல், இளைஞர்கள் டிரம்ப் பக்கம் 14 கூடுதல். டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு கட்சி, தங்கை ஒரு கட்சி. இந்த வயதில் ஓட்டுப் போட வந்ததே பாதிக்கும் குறைவு, 47 சதவீதம்.

பெரியப்பா: 47ஆ? எங்கள் பூத்தில் அப்படி நடந்திருந்தால் மழையா, சாவா என்று விசாரித்திருப்போம். நாங்கள் 21 வயதுவரை காத்திருந்து போட்டோம். இங்கே 18 ஆனது 1989ல்தான்.

கோபி: இங்கே 1971. வியட்நாமுக்கு அனுப்பும் வயதில் ஓட்டு இல்லையா என்று கேட்டு வாங்கினார்கள்.

அருண்: தாத்தா, சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. டெக்சஸில் பெயரைப் பதிவதற்கு ஆன்லைன் கிடையாது. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது மட்டும் ஒரு வழி இருக்கிறது. மற்றபடி காகிதப் படிவம், பேனாவால் கையெழுத்து, தபால். பூத்தில் காட்ட துப்பாக்கி லைசென்ஸ் செல்லும். கல்லூரி அடையாள அட்டை செல்லாது.

பெரியம்மா: துப்பாக்கிக்கு லைசென்ஸா? மீனா, என்ன ஊர் அது?

அருண்: என் பக்கத்து சீட் பையன் வீட்டில் ஐந்து பேர். அவன் மட்டும்தான் இங்கே பிறந்தவன். அவன் அம்மா அவனை உட்கார வைத்து "நீ எங்கள் எல்லாருக்கும் சேர்த்துப் போடுகிறாய்" என்று ஸ்பானிஷில் சொன்னாராம். அன்று இரவு தூங்கவில்லை என்றான். நம் வீட்டிலும் அப்படித்தானே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மீனா: இதை என்னிடம் நீ சொல்லவே இல்லையே.

கோபி: இது இரண்டு வீட்டுக் கதை மட்டும் இல்லை. வருஷத்துக்குப் பதினான்கு லட்சம் ஹிஸ்பானிக் மக்கள் புதிதாக ஓட்டுரிமை பெறுகிறார்கள். பெரும்பாலும் இங்கே பிறந்து 18 தொட்ட பிள்ளைகள். கட்சிக்காரர்கள் இளைஞர் என்று ஒரு கூட்டம் போடுகிறார்கள், ஹிஸ்பானிக் என்று ஒரு கூட்டம் போடுகிறார்கள். பாதி இடத்தில் இரண்டும் ஒரே பையன்தான்.

பெரியப்பா: இப்போது காற்று எந்தப் பக்கம்?

கோபி: நான் இருக்கும் நியூஜெர்சி பசேயிக் கவுன்டியில் பெரு நாட்டுக்காரர்கள், டொமினிக்கன் மக்கள் அதிகம். 2024ல் டிரம்ப் ஜெயித்தார். ஒரே வருஷம். 2025 நவம்பரில் ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் அதே கவுன்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டார். கரண்ட் பில்தான் எல்லார் வாயிலும். டிசம்பரில் மயாமி நகரத்துக்கே சுமார் 30 வருஷம் கழித்து ஜனநாயகக் கட்சி மேயர்.

மீனா: இங்கே எங்கள் எதிரே கட்டும் வீடு மரச்சட்டம் அடித்ததோடு நிற்கிறது. கோடையிலிருந்து குடியேற்றத் துறைக்காரர்கள் கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே வருகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் ஆட்கள் வருவது நின்றுவிட்டது. நம் டப்பா அம்மாவின் தம்பி கூரை போடும் கான்ட்ராக்டர். ஆள் கிடைக்காமல் மூன்று வேலை கைவிட்டுப் போனதாம். அவர் இப்போது அரசியலே பேசுவதில்லை. டப்பா மட்டும் மேஜையில் இருக்கிறது.

கோபி: இதில் வேடிக்கை, டெக்சஸ் அரசு போன ஆகஸ்டில் நாடாளுமன்றத் தொகுதிகளை மறுபடி வெட்டி ஒட்டியது. குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூடுதலாக வர வேண்டும் என்று. அதில் பல தொகுதி ஹிஸ்பானிக் மக்கள் நிறைந்தவை. 2024ல் விழுந்த ஓட்டு அப்படியே விழும் என்ற நம்பிக்கையில் போட்ட கோடு அது.

பெரியப்பா: வங்கி கை மாறிவிட்டது என்று இவர்கள் நினைக்கிறார்கள் போல.

மீனா: 😀

பெரியப்பா: அருண், படிவம் அனுப்பிவிட்டாயா? கடைசித் தேதி எப்போது?

அருண்: பிப்ரவரி 2 தாத்தா. பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கவரும் இருக்கிறது. ஒரு சந்தேகம். ஸ்டாம்பை எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும்?

கவிதா: ஐயோ!

அருண்: நான் இதுவரை தபாலே அனுப்பியதில்லை பெரியம்மா. என் கூட்டாளிகளும் இல்லை. நேற்று நாலு பேரும் கவரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம்.

பெரியப்பா: வலது பக்கம் மேல் மூலை. முகவரி நடுவில். உன் பெயர், விலாசம் இடது பக்கம் மேலே. ஸ்டாம்பை நாக்கால் நக்காதே, அழுக்கு. விரலில் தண்ணீர் தொட்டு ஒட்டு.

அருண்: தாத்தா, இங்கே ஸ்டாம்ப் ஸ்டிக்கர் மாதிரிதான் வரும்.

பெரியப்பா: சரி. அப்படியானால் நேராக ஒட்டு. ஒட்டியதும் படம் எடுத்துப் போடு, நான் பார்க்கிறேன்.