சொந்த நிலத்தில் கேபிள் அறுந்தால் நஷ்டஈடு யார் தலையில்?

மணல்மேடு (உச்சிப்புளி): "தோண்டியவன்தான் கட்டணும், வேற பேச்சே இல்லை" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என் பட்டா நிலத்தில் கக்கூஸ் குழிக்கு ஜேசிபி விட்டேன். ஒன்றரை அடியிலேயே குழாயோடு கண்ணாடி இழைக் கேபிள் வாளிப் பல்லில் மாட்டி வந்தது. 165 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்க வேண்டியது, ஒன்றரை அடியில்! பில் மட்டும் எனக்கு.

மண்டபம் ஜாயின்டர் (கேபிள் இணைப்பு வேலை செய்பவர்): எழுதியது நான்தான் அண்ணே. 2023 தொலைத்தொடர்புச் சட்டம், 42ஆம் பிரிவு. சேதப்படுத்தினால் நஷ்டஈடு, கூடவே 50 லட்சம் வரை அபராதம். 2024 ஜூனிலேயே அமலுக்கு வந்துவிட்டது. தோண்டும் முன் கேட்டுக்கொள்ள 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி இருக்கிறது. பார்த்தீர்களா?

மணல்மேடு: என் கொல்லையில் குழி வெட்ட நான் செயலி பார்க்கணும். என் நிலத்தில் கேபிள் போட்டவர்கள் என்னைக் கேட்டார்களா? ஒன்றரை அடி தம்பி. அதற்குப் பதில் சொல்லு.

தேவிபட்டினத்தான்: மின்கேபிள் என்றால் கணக்கே வேறு. கவனக்குறைவாகச் சேதப்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம்.

மணல்மேடு: இங்கே அறுந்தது மின்கேபிளா? ஒன்றரை அடியைப் பற்றிப் பேசுங்கள்.

மண்டபம் ஜாயின்டர்: போடும்போது ஆழமாகத்தான் போட்டிருப்பார்கள். கச்சான் காற்றில் நம் கரை மணல் ஒரு இடத்தில் நிற்குமா? அப்புறம், மேட்டை ட்ராக்டரில் அள்ளி விற்றது யார் என்று ஊருக்கே தெரியும்.

மணல்மேடு: நாக்கை அடக்கு. வீட்டுக்குத் தளம் போட மேட்டைச் சமப்படுத்தினேன், விற்கவில்லை. போன வருஷம் வேலித் தகராறில் நீ யார் பக்கம் நின்றாய் என்பது மறக்கவில்லை.

கீழக்கரை வாசி: காக்கா (எங்கள் ஊரில் அண்ணன்), பழைய 1885 தந்திச் சட்டத்திலும் தன் நிலத்தில் வேலை செய்கிறவர் கேபிளுக்குச் சேதம் வரும் என்றால் ஒரு மாதம் முன்பே எழுதித் தரணும் என்று இருந்தது.

மணல்மேடு: கேபிள் கிடப்பதே தெரியாதவன் யாருக்கு எழுதுவது? அடையாளக் கல் உண்டா? எச்சரிக்கை நாடா உண்டா? ஒன்றுமில்லை. டேப்பு பிடித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றரை அடி. ஒரு பைசா தரமாட்டேன்.

மண்டபம் ஜாயின்டர்: அந்தப் படத்தில் மேல்மண் எங்கே அண்ணே?

மணல்மேடு: மறுபடியும் மண்ணா? நேரில் வா, அளந்து காட்டுகிறேன்.